ஓடுகிற அண்ணன், பறக்கிற தம்பி

ரயில் எஞ்சினைக் கண்டுபிடித்தவர் யார் என்று எங்கள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கேட்டால் பாதிப் பேர் புத்தகத்தில் இருக்கும் பெயரைச் சொல்வார்கள். மீதிப் பேர், "நம்ம வேன் டிரைவர் அண்ணன் சார்" என்பார்கள். அறிவியல் ஆசிரியன் என்கிற முறையில் நான் அதற்கு மதிப்பெண் போடமாட்டேன். ஆனால் பிள்ளைகளைத் திட்டவும் முடியாது. அவர்கள் சொன்னதற்குப் பள்ளிக்கூடத்துச் சுவரே சாட்சியாக நின்றது.

அந்தச் சுவரை வரைந்தவர் எங்கள் டிராயிங் டீச்சர்.

இண்டூரைத் தாண்டி, பென்னாகரம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது எங்கள் பள்ளி. தனியார் பள்ளிதான். டீச்சர் ஏரியூர்க்காரர். காலையில் பஸ் பிடித்து, பென்னாகரத்தில் இறங்கி வேறு பஸ் மாறி, மணி அடிக்கும்போது கேட்டுக்குள் கால் வைப்பார். நாற்பதைத் தாண்டிய வயது. ஒல்லியான உடம்பு. தோளில் எப்போதும் ஒரு துணிப்பை. அதில் பிரஷ்ஷும் களி டப்பாவும் ஒன்றாகக் கிடக்கும். அவருக்குப் பெயர் இல்லாமல் இல்லை. ஆனால் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பிள்ளைகளுக்கும் எங்களுக்கும் தாளாளருக்கும் அவர் டிராயிங் டீச்சர், அவ்வளவுதான்.

ஒருவரைப் பார்க்கும்போது அவர் தலை லேசாகச் சாயும். ஒரு கண் பாதி மூடும். மண்டியில் மாங்காய் வாங்க வந்தவர் காயைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. அப்படி ஒரு தடவை பார்த்துவிட்டார் என்றால் நம் முகம் நம்மை விட்டுப் போய்விட்டது என்று அர்த்தம். கொஞ்ச நாளில் அது எங்காவது ஒரு சார்ட்டில் முளைக்கும்.

முதலில் இதைக் கண்டுகொண்டது ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். 'நல்ல பழக்கங்கள்' என்று ஒரு சார்ட் வரைந்து வகுப்பில் மாட்டியிருந்தார். அதில் ரோட்டில் எச்சில் துப்பிக்கொண்டு ஒரு ஆள் நிற்பான். அது காலை பஸ்ஸின் கண்டக்டர் என்று பிள்ளைகள் சொன்னார்கள். நான் போய்ப் பார்த்தேன். கண்டக்டரேதான். சில்லறை இல்லை என்று டீச்சரை நடுவழியில் இறக்கிவிட்டாராம். அடுத்து மழை எப்படி உண்டாகிறது என்று ஒரு படம் கேட்டேன். கடல், வெயில், மலை எல்லாம் சரியாக வரைந்துவிட்டு, கருமேகத்துக்கு மட்டும் கண்ணும் மூக்கும் வாயும் வைத்திருந்தார். வாய் எதையோ திட்டிக்கொண்டிருந்தது.

"மேகத்துக்கு மூஞ்சி எதுக்கு டீச்சர்?"

"பசங்களுக்குப் புடிக்கும்னு வெச்சேங்க சார்."

"யாரோட மூஞ்சி?"

"எங்க மாமியாருதுங்க" என்றார், டப்பாவிலிருந்த களியை உருட்டியபடியே. "சும்மா இடிச்சிக்கிட்டே இருக்கும். ஆனா ஒரு சொட்டு உழாது."

ஒருநாள் நான் கொஞ்சம் கண்டிப்பாகவே கேட்டேன். ஒருவர் முகத்தை அவரைக் கேட்காமல் எடுத்துப் போடுவது சரியா என்று. அவர் என் முகத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"மூஞ்சி யாருக்கும் சொந்தம் கெடையாதுங்க சார். ஒங்க மூஞ்சிய ஒங்களால பாக்க முடியுதா? இல்ல. நாந்தான் காலையிலேருந்து பாக்கறேன். அப்ப அது யாருது?"

நான் மணி அடித்துவிட்டது என்று எழுந்து போனேன்.

தாளாளருக்குத் திடீரென்று கண்டுபிடிப்பாளர்கள் மேல் பிரியம் வந்தது எப்படி என்று சொல்லவேண்டும். தர்மபுரி டவுனில் ஒரு பள்ளியில் சுவர் முழுக்கப் பறவைகள் வரைந்திருந்தார்கள். பெற்றோர்கள் அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுக்கொண்டே இருந்தார்கள். நம் பள்ளியிலும் சுவர் இருக்கிறதே என்று தாளாளருக்குத் தோன்றிவிட்டது. "பறவ வேணாம். நம்ம பசங்க இன்ஜினீயர் ஆவணும். உலகத்துல பெரிய பெரிய இன்ஜினீயருங்க, கண்டுபிடிச்சவங்க, எல்லாரையும் வரிசயா வரஞ்சிடுங்க" என்றார். விளையாட்டுத் திடலின் ஓரமாக ஓடும் நீளச் சுவர் அதற்கு ஒதுக்கப்பட்டது.

அந்தச் சுவருக்கு ஒரு கதை உண்டு. அதற்கு அந்தப் பக்கம் தாளாளரின் சொந்தத் தம்பி ஹாலோ பிளாக் கல் அறுத்து விற்றுக்கொண்டிருந்தார். அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆரம்பித்த பள்ளிதான் இது. பிறகு பாகம் பிரித்துக்கொண்டார்கள். பிரித்த பிறகு அண்ணன் எழுப்பிய சுவர் ஒரு அடி தன் நிலத்தில் ஏறி நிற்கிறது என்று தம்பி கோர்ட்டுக்குப் போனார். அன்றோடு பேச்சு நின்றது. எதிரும் புதிருமாக வந்தால் ஒருவர் வானத்தைப் பார்ப்பார், இன்னொருவர் செல்போனைப் பார்ப்பார். அம்மா செத்த காரியத்தில்கூட ஐயர் நடுவில் நின்று இருவரிடமும் தனித்தனியாகச் சொல்லவேண்டி வந்ததாம்.

கண்டுபிடிப்பாளர்களின் படங்களைத் தேடிப்பிடித்து, ஆபீஸ் பிரிண்டரில் அச்சடித்து டீச்சரிடம் கொடுத்தேன். மை தீரும் நேரம். எல்லாப் படமும் கரிப்பிடித்த சட்டி மாதிரி வந்திருந்தது. டீச்சர் ஒவ்வொன்றாகத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார்.

"இவுரு யாருங்க சார்?"

பெயரைச் சொன்னேன்.

"பேரெல்லாம் வாயில நொழையாதுங்க. தொழிலச் சொல்லுங்க."

"பல்பு கண்டுபிடிச்சவர்."

"இவுரு?"

"டெலிபோன்."

"ரெண்டு பேருக்கும் ஒரே மூஞ்சியா இருக்குது. உசுரே இல்ல. உசுரில்லாத மூஞ்சிய எப்பிடிங்க சார் வரையறது? போட்டோல மால போட்டா மாதிரி ஆயிடும்."

"கொஞ்சம் சமாளிங்க டீச்சர்."

நான் சொன்ன சொற்களிலேயே அதிக விலை கொண்ட சொல் அதுதான். அவர் சமாளித்தார்.

ஒரு மாதம்போல வேலை நடந்தது. சுவருக்குப் பழைய பெட்ஷீட்டுகளைத் திரை கட்டியிருந்தார். சாயங்காலம் பஸ்ஸுக்குக் கிளம்பும்போது அவர் முழங்கை வரை நீலமும் பழுப்புமாக இருக்கும். திரையை விலக்கி முதலில் பார்த்தது எங்கள் பி.டி. சார். வாலிபால் எடுக்கப் போகிறவர்போலப் போய் எட்டிப் பார்த்துவிட்டு, வேகமாக ஆசிரியர் அறைக்கு வந்தார்.

"சார், டெலிபோன் கண்டுபுடிச்சவன் நாந்தான்" என்றார்.

எல்லோரும் போனோம். உண்மைதான். கோட்டும் தாடியும் புதிது. ஆனால் காதில் வைத்த போனை எடுக்க மனசில்லாமல் தோளைத் தூக்கி அழுத்திக்கொள்ளும் அந்தக் கழுத்து பி.டி. சாருடையது. அவர் விசில் ஊதும்போதுகூடப் போனில்தான் இருப்பார். ரயில் எஞ்சின் பக்கத்தில் எங்கள் வேன் டிரைவர் உயரமான தொப்பியோடு நின்றார். அச்சு இயந்திரத்தோடு ஆபீஸ் கிளார்க். பல்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் தலைமையாசிரியை ஆணாக மாறியிருந்தார். அவர் அதைப் பார்த்துவிட்டுக் கன்னத்தைத் தடவிக்கொண்டார். "மூக்கு நல்லாத்தான் வந்திருக்குது" என்று மட்டும் சொன்னார்.

நான் என்னைத் தேடினேன். முதலில் மெதுவாக. பிறகு வெட்கத்தை விட்டு. கடைசிவரை போய்த் திரும்பி வந்தும் இல்லை.

"என்ன எங்க டீச்சர் போட்டிருக்கீங்க?"

"போடலிங்களே."

"ஏன்?"

"நீங்க என்னங்க சார் கண்டுபுடிச்சீங்க?"

"வேன் டிரைவர் மட்டும் என்ன கண்டுபிடிச்சார்?"

"சாவி இல்லாமயே வேனக் கௌப்பறாரு. பி.டி. சாரு நின்னுக்கினே தூங்கறாரு. கிளார்க்கு, கேட்ட பேப்பர மூணு மாசம் தராம இருக்கறதுக்கு நாளுக்கு ஒரு காரணம் புதுசா கண்டுபுடிக்கறாரு. நீங்க சொல்லுங்க."

நான் யோசித்தேன். அந்த வாரம் முழுக்க யோசித்தேன். ஒன்றும் அகப்படவில்லை.

சுவரின் நடுவில், எல்லாவற்றையும்விடப் பெரிதாக இருந்தது விமானம் கண்டுபிடித்த அண்ணன் தம்பி படம். துணி இறக்கை வைத்த பழைய விமானம். தம்பி அதில் குப்புறப் படுத்துப் பறக்கிறார். அண்ணன் கீழே மணலில், இறக்கையின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடுகிறார். பறக்கிற தம்பிக்கு மீசை இருந்தது. ஓடுகிற அண்ணனுக்கு இல்லை. நிஜத்திலும் அப்படித்தான். அதில் ஒரு தப்பும் இல்லை.

தப்பு வேறு இடத்தில் இருந்தது. முதலில் கிளார்க்தான் அது ஹாலோ பிளாக் தம்பி என்று அடையாளம் கண்டார். "ஐயோ" என்றார். தம்பி யார் என்று தெரிந்ததும் அண்ணன் யார் என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. தாளாளரின் நெற்றி, தாளாளரின் காது, தோள்பட்டையைக் கொஞ்சம் முன்னால் தள்ளி நடக்கும் தாளாளரின் அதே நடை. அந்த முறுக்கு மீசை ஒன்றுதான் இல்லை.

"டீச்சர், வேல போயிடும்" என்றேன். அவர் மகன் ஓசூரில் டிப்ளமோ படித்துக்கொண்டிருந்தான். கணவரைப் பற்றி ஒருநாள் பெங்களூரு என்பார், ஒருநாள் திருப்பூர் என்பார். இந்தச் சம்பளம் நின்றால் அவர் வீட்டில் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும்.

அவர் சுவரைப் பார்த்தார். பிரஷ்ஷைத் துணியில் துடைத்துக்கொண்டார்.

"தெரிஞ்சி போடலிங்க சார். அண்ணன் தம்பின்னதும் கை அங்கதான் போவுது. நான் என்ன பண்ணட்டும்? இந்தப் பக்கம் நின்னு பாத்தா ஒருத்தரு. செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தா ஒருத்தரு. ரெண்டும் ஒரே மூஞ்சி. வேற அண்ணன் தம்பிய நான் எங்க போயித் தேடறது?"

"மாத்திடுங்க."

"சும்னிருங்க சார்" என்றார். கன்னடக்காரர்கள் மத்தியில் வளர்ந்தவர். யாரையாவது அடக்கவேண்டுமென்றால் அந்தச் சொல்தான் வரும். "தன் மூஞ்சி தனக்குத் தெரியாது. பாருங்க."

அவர் சொன்னதுதான் நடந்தது. தாளாளர் வந்தார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கடைசிவரை நடந்தார். விமானத்துக்கு முன்னால் நின்றார். "சூப்பரா இருக்குது டீச்சர். அந்த ஓடறவரு மொகத்துல என்னா ஒரு களை!" என்றார். கிளார்க் இருமலை அடக்க முடியாமல் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் போய்விட்டார்.

திறப்பு விழா அன்றுதான் மாட்டிக்கொண்டோம். சிறப்பு விருந்தினராக ஓய்வுபெற்ற இன்ஜினீயர் ஒருவர் வந்திருந்தார். தாளாளரின் மனைவியும் வந்திருந்தார். அந்த அம்மா பள்ளிப் பக்கம் அதிகம் வராதவர். விருந்தினருக்கு ஒவ்வொரு படமாகத் தாளாளர் விளக்கிக்கொண்டு வந்தார். விமானத்திடம் வந்ததும் அந்த அம்மா நின்றுவிட்டார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியும் முடியவில்லை.

"ஏங்க, திருப்பதிக்குப் போயி முடி குடுத்துட்டு வந்தப்ப நீங்க இப்பிடியேதான் இருந்தீங்க!"

மீசையில்லாத தாளாளரைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். நாங்கள் வாய்விட்டுச் சொல்லாத அடையாளத்தை அவர் ஒரே நொடியில் உறுதி செய்துவிட்டார். தாளாளர் சுவரைப் பார்த்தார். ஓடுகிறவரைப் பார்த்தார். பிறகு மேலே படுத்துப் பறக்கிறவரைப் பார்த்தார். அவர் காது சிவந்தது. சுவரில் இருந்த காதும் அதே நிறம்தான். பிள்ளைகள் அத்தனை பேரும் கை தட்டினார்கள்.

மறுநாள் காலை டீச்சரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார். விழாவுக்கு நான் பொறுப்பு என்பதால் என்னையும் கூப்பிட்டார்.

"டீச்சர், கீழ ஓடறது யாரு?"

"அண்ணங்காரருங்க சார்."

"எந்த அண்ணங்காரரு?"

"ஏரோப்ளேன் கண்டுபுடிச்ச அண்ணங்காரரு."

"வெளயாடாதீங்க. பத்து வருசமா மூஞ்சி முழிக்காதவன, எங்கிட்ட சம்பளம் வாங்கிக்கினு, எஞ்செவுத்துல வரைஞ்சி வெச்சிருக்கீங்க. அதக்கூட உடுங்க." அவர் மேஜையைத் தட்டினார். "அவன் மேல பறக்கறான். நான் ஏன் கீழ ஓடறேன்?"

டீச்சர் என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"ரெக்கையப் புடிக்க ஒருத்தரு வேணுமிங்களே சார். இல்லாட்டி சாஞ்சிடும்."

"அதுக்கு நாந்தான் கெடச்சனா? நாளைக்குச் சனிக்கெழம. ஆளு வந்து சுண்ணாம்பு அடிச்சிடுவான். நீங்க திங்கக்கெழமையிலேருந்து வரவேணாம்."

வெளியே வந்ததும் டீச்சர் துணிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். பஸ் நிறுத்தத்தில் அவர் நிற்பதை மாடி ஜன்னலிலிருந்து பார்த்தேன். எதிரே வந்த யாருடைய முகத்தையும் அவர் பார்க்கவில்லை. எனக்கு அது பிடிக்கவில்லை.

சனிக்கிழமை அரைநாள் பள்ளி உண்டு. டீச்சர் தன் பிரஷ்களையும் பெட்ஷீட்டுகளையும் எடுத்துப்போக வந்திருந்தார். சுண்ணாம்புக்காரர் வாளியோடு விமானத்துக்கு முன்னால் வந்து நின்றார். மட்டையை நனைத்துத் தூக்கினார்.

"டேய், கைய எடு!"

சத்தம் மேலிருந்து வந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுக்கியிருந்த ஹாலோ பிளாக் மேல் ஏறி நின்றிருந்தார் தம்பி. சுவருக்கு மேலே தம்பியின் தலை. சரியாக அதற்குக் கீழே, சுவரில், அதே தலை. சுண்ணாம்புக்காரர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வாளியைக் கீழே வைத்தார்.

விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போனது என்று யாரும் கேட்கவில்லை. கிளார்க் மட்டும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாளாளர் ஆபீஸிலிருந்து வேகமாக வந்தார். தம்பியைப் பார்த்ததும் வழக்கம்போல வானத்தைப் பார்த்தார். ஆனால் தம்பி நின்றதே வானத்தில்தான்.

"டீச்சர்" என்றார் தாளாளர், மேலே பார்க்காமல். "அவுர எறங்கச் சொல்லுங்க."

"டீச்சர்" என்றார் தம்பி. "செவுரு எந்நெலத்துல நிக்குது. மூஞ்சி என்னுது. எம்மூஞ்சி எம்பட்டா. அத அழிக்கறதுக்கு இவுரு யாருன்னு கேளுங்க."

டீச்சர் இரண்டு பேரையும் பார்த்தார். தலை லேசாகச் சாய்ந்தது. ஒரு கண் பாதி மூடியது. எனக்கு அப்பாடா என்று இருந்தது.

"நான் கேக்கறேங்க சார்" என்று தம்பியிடம் சொல்லிவிட்டுத் தாளாளர் பக்கம் திரும்பினார். "அவுரு மூஞ்சி செவுத்துல இருக்கறதுதான் ஒங்க பிரச்சனையா, நீங்க கீழ ஓடறதுதான் பிரச்சனையா?"

"நான் எதுக்குக் கீழ ஓடணும்? இந்தப் பள்ளிக்கூடத்த ஆரம்பிச்சது யாரு?"

"யாரு ஆரம்பிச்சாங்களாம்?" என்றார் தம்பி மேலிருந்து. "மொபெட் ஓட்டிக்கினு ஊரு ஊரா போனது யாரு? பின்னால நோட்டீஸ் கட்டப் புடிச்சிக்கினு உக்காந்து வந்தது யாரு?"

"டேய், பெட்ரோலு போட்டது யாருடா?"

அந்த 'டேய்' தாளாளருக்கே தாமதமாகத்தான் உறைத்தது. பத்து வருடத்துக்குப் பிறகு அண்ணன் தம்பியிடம் நேராகப் பேசிய முதல் வார்த்தை.

"மேட்டுல மொபெட் ஏறாதப்ப எறங்கித் தள்ளுனது யாருடா? ஓட்டுனவனா?" என்று தாளாளர் தொடர்ந்தார்.

"அப்ப நீ தள்ளுனதத்தான டீச்சரு வரைஞ்சிருக்குது!" என்றார் தம்பி. "பின்ன என்னாத்துக்கு அழிக்கிறண்ணா?"

டீச்சர் இடையில் புகுந்தார்.

"சார், அந்த நெஜ அண்ணன் தம்பிக்கும் இதே சண்டதாங்க வந்துச்சி. யாரு மொதல்ல ஏறுறதுன்னு. அவங்க காசு சுண்டிப் பாத்தாங்க. வேணும்னா சயின்ஸ் சாரக் கேளுங்க."

நான் தலையாட்டினேன். அது உண்மை. படத்தைக் கொடுத்தபோது அந்தக் கதையைச் சொன்னதே நான்தான்.

"நீங்களும் சுண்டுங்க. யாரு ஜெயிக்கிறாங்களோ அவங்கதான் மொதல்ல ஏறினவங்கன்னு வெச்சிக்கலாம்."

பி.டி. சார் போனைப் பாக்கெட்டில் போட்டார். அவர் போனைக் கீழே இறக்கி நாங்கள் பார்த்தது அன்றுதான். ஒரு காசை எடுத்து, வாலிபால் ஆட்டத்துக்குச் சுண்டுவதுபோலச் சுண்டினார். தாளாளர் தலை கேட்டார். தலைதான் விழுந்தது.

"பாத்தியா?" என்று மேலே பார்த்துச் சிரித்தார். சின்னப் பையன் மாதிரி இருந்தது அந்தச் சிரிப்பு. "டீச்சர், என்ன மேல ஏத்துங்க."

"ஏத்தலாங்க சார். ஆனா வரலாறு என்னான்னா, டாஸ் ஜெயிச்சி மொதல்ல ஏறினவரு ஒடனே மூக்கு குத்தி மணல்ல உழுந்துட்டாரு. ஏரோப்ளேனும் ஒடஞ்சிபோச்சி. மூணு நாளு கழிச்சி அத ரிப்பேரு பண்ணி, தம்பி ஏறினாரு. அதாங்க பறந்தது. டாஸ் ஜெயிச்சவரு கீழ ஓடினாரு. நான் வரைஞ்சிருக்கறது அந்த ரெண்டாவது நாளு."

தாளாளர் என் பக்கம் திரும்பினார். இதுவும் உண்மையா என்று அவர் கண் கேட்டது. வேறு வழியில்லாமல் இதற்கும் தலையாட்டினேன்.

முதலில் சிரித்தது தம்பி. சிரித்த சிரிப்பில் காலடியில் ஒரு கல் நகர்ந்து அவர் தடுமாறினார். "டேய், பாத்து! உழுந்து கிழுந்து தொலைக்காத" என்று கத்திக்கொண்டே தாளாளர் சுவரருகே ஓடினார். இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு, தோள்பட்டையை முன்னால் தள்ளிக்கொண்டு. அவர் ஓடிய ஓட்டத்தைப் பார்த்துவிட்டு நாங்கள் எல்லோரும் படத்தைப் பார்த்தோம். தாளாளரும் பார்த்தார். அதற்கப்புறம் அவராலும் அடக்க முடியவில்லை.

சுண்ணாம்பு வாளி திரும்பிப் போனது. டீச்சர் திங்கட்கிழமை நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று உத்தரவானது. ஒரே ஒரு நிபந்தனை: ஓடுகிற அண்ணனுக்கு மீசை வைக்கவேண்டும். "வரலாறு ஒத்துக்காதுங்க சார்" என்றார் டீச்சர். "வரலாறு நம்ம பள்ளிக்கூடத்துல சம்பளம் வாங்கல" என்றார் தாளாளர். மீசை வைக்கப்பட்டது. அதனால் மாவட்ட அளவில் நடந்த ஒரு வினாடி வினாவில், திரையில் காட்டிய அண்ணன் தம்பி போட்டோவைப் பார்த்து எங்கள் பிள்ளைகள் "இது வேற யாரோ" என்று அடித்துச் சொல்லிவிட்டுத் தோற்று வந்தார்கள்.

அண்ணனும் தம்பியும் அதோடு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள் என்று நினைத்துவிட வேண்டாம். நல்ல சண்டை ஆரம்பமானது. வாரத்துக்கு ஒரு நாளாவது தம்பி கல்லின் மேல் ஏறி நிற்பார். தாளாளர் கீழே நிற்பார். மொபெட்டிலிருந்து ஆரம்பித்து அம்மாவின் தோடு வரைக்கும் பேசித் தீர்ப்பார்கள். வழக்கு இன்னும் நடக்கிறது. ஆனால் வாய்தாவுக்கு இரண்டு பேரும் ஒரே காரில் போகிறார்கள்.

டீச்சர் அதற்குப் பிறகு ஒரு வருடம்தான் இருந்தார். மகனுக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அவரும் அங்கே போய்விடுவதாகச் சொன்னார். கணவரும் அங்கேதான் என்றார். அது எந்தக் கணக்கு என்று நான் கேட்கவில்லை. போவதற்குக் கொஞ்ச நாள் முன்னால் ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி அவரிடம் கேட்டிருக்கிறாள், "பொம்பளைங்க யாரும் எதையும் கண்டுபிடிக்கலியா டீச்சர்?" என்று. டீச்சர் நேராக என்னிடம் வந்தார்.

"யாராச்சும் ஒருத்தங்களச் சொல்லுங்க சார். சீக்கிரம்."

வண்டிக் கண்ணாடியின் வைப்பரைக் கண்டுபிடித்த பெண்மணியைச் சொன்னேன். பனி கொட்டும் நாளில் ஓட்டுநர் கண்ணாடியைத் துடைக்கப் படும் பாட்டைப் பயணியாக உட்கார்ந்து பார்த்தவர், வீட்டுக்குப் போய் அதற்கு வழி யோசித்தார் என்று விளக்கினேன். டீச்சர் முகம் மலர்ந்தது. "மழக்காலத்துல ஏரியூரு பஸ்ஸுல நாங்கூட அதத்தான் யோசிச்சிக்கினு வந்தேன். முந்திக்கிட்டாங்க" என்றார்.

தண்ணீர்த் தொட்டிப் பக்கம் மிச்சமிருந்த சுவரில் அதை வரைந்தார். இந்தத் தடவை யார் முகம் என்று பள்ளியே காத்திருந்தது. தலைமையாசிரியைக்கு ஆணாக இருந்தது போதும் என்று ஓர் ஆசை. தாளாளரின் மனைவி இரண்டு முறை பள்ளிக்கு வந்துபோனார். கடைசியில் திரையை விலக்கினால், பஸ்ஸின் முன் சீட்டில் ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். எதிரே பெரிய கண்ணாடி. அதில் பாதி மழை, பாதி துடைத்த வெளிச்சம். கொண்டையும் பின்கழுத்தும் ஒரு முழம் பூவும் தெரிந்தன. முகம் இல்லை.

"மூஞ்சி எங்க டீச்சர்?" என்று கேட்டேன்.

"மூஞ்சி வெச்சா சண்ட வருதுங்களே சார்."

அந்த வாரமே அவர் போய்விட்டார். பொன்னாடை போர்த்தலாம் என்று வாங்கி வைத்திருந்தோம். போர்த்துவதற்கு முந்தின நாளே, அன்றுதான் கடைசி நாள் என்று சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். சால்வை இன்னும் கிளார்க்கின் பீரோவில் இருக்கிறது.

போன வருட ஆண்டு விழாவுக்கு என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். தர்மபுரியிலேயே இருப்பவள். அதற்குமுன் எங்கள் பள்ளிக்கு அவள் வந்ததே இல்லை. டீச்சரை அவள் பார்த்ததும் இல்லை. பி.டி. சாரைக் காட்டினேன், வேன் டிரைவரைக் காட்டினேன், அண்ணன் தம்பிக் கதையைச் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் நின்றுவிட்டாள்.

"அந்த டீச்சரு என்ன எப்பங்க பாத்தாங்க?"

"அது நீ இல்ல. நூறு வருசத்துக்கு முன்னாடி வெளிநாட்டுல இருந்தவங்க."

"எங்கொண்ட எனக்குத் தெரியாதா?" என்றாள்.

எங்களுக்குப் பின்னால் பிள்ளைகளின் அம்மாக்கள் நாலைந்து பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒவ்வொருத்தியும் பூவைச் சரிசெய்துகொண்டிருந்தாள். முன்னால் நின்ற அம்மா என் மனைவியிடம், "சீக்கிரம் போட்டோ எடுத்துக்கிட்டு நகருங்கக்கா, அது நாந்தான்" என்றாள்.

என் மனைவி போனை என் கையில் கொடுத்தாள். படத்துக்குப் பக்கத்தில் போய், முதுகை எனக்குக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, "இப்ப எடுங்க" என்றாள்.